மேதகு பிரிம் அவர்களுக்குப் பொன்னாடை

லண்டன் ஹரோப் பக்கத்துத் தமிழ் விழா எதுவும் பிரதம விருந்தினர் இல்லாமல் நடக்காது. பிரதம விருந்தினர் வந்தால் பொன்னாடை போர்த்த வேண்டும். பொன்னாடை போர்த்துவதென்றால் அதற்கு முன் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வாசிக்க வேண்டும். இந்த ஒழுங்கை யார் ஏற்படுத்தினார்களோ கடவுளுக்குத்தான் தெரியும். மெற்றோபொலிற்றன் லைன் ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது மட்டும் பிசகாது. ரெய்னர்ஸ் லேனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையை நடத்துகிற தமிழ் மேம்பாட்டுப் பேரவையில் வாழ்க்கை வரலாறு வாசிக்கிற பொறுப்பு சிவனேஸ்வரி ரீச்சருடையது. குரல் கணீரென்று இருக்கும், மூச்சு வாங்காமல் வாசிப்பார், யாரைப் பற்றி என்ன எழுதியிருந்தாலும் சிரிக்க மாட்டார். இந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான் அவரைத் தெரிந்தெடுத்தார்கள்.

சிவனேஸ்வரிக்கு இதில் பெருமை ஒன்றும் கிடையாது. வார நாட்களில் ஒரு கண் வைத்தியசாலையின் வரவேற்பு மேசையில் இருப்பார். சனிக்கிழமை காலையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிப்பார். அந்தக் காலை நேரத்துக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டு போகிறேன் என்று வெளிப்படையாகவே சொல்லுவார். வீட்டில் ஒரு சொல் தமிழ் பேசாத பிள்ளை பாடசாலை நடக்கிற மண்டபத்துக்குள் வந்து, "ரீச்சர், இவன் என்ர பென்சிலை எடுத்துப்போட்டான்" என்று முறைப்பாடு செய்தால் அவருக்கு வயிறு நிறைந்துவிடும். முறைப்பாட்டைத் தமிழில் சொன்னால்தான் விசாரிப்பார். அதனாலேயே அவருடைய வகுப்பில் சண்டைகள் கூட.

மண்டபம் ஒன்றும் மாளிகை இல்லை. மழைக்குக் கூரை ஒழுகும். குளிர் காலத்தில் மண்டபத்தைச் சூடாக்குகிற பொயிலர் நின்றுவிடும். பின்பக்கம் அந்தப் பொயிலருக்குப் பக்கத்திலேயே ஒரு அலுமாரி இருந்தது. பேரவையின் பொன்னாடைகள் அதற்குள்தான். அவசரத்துக்கு உதவும் என்று ஒரே கடையில், ஒரே நிறத்தில், ஒரே கரையோடு கட்டுக்கட்டாக வாங்கி அடுக்கியிருந்தார்கள். ஒரு தைப்பொங்கல் விழாவுக்கு வருவதாகச் சொன்ன பிரதம விருந்தினர் வராமல் விட்டார். நிகழ்ச்சி நிரலில் பொன்னாடை அச்சாகிவிட்டது, இனி என்ன செய்வது? பொயிலர் திருத்த வந்து பின்னால் குந்தியிருந்த கெவின் என்ற வெள்ளைக்காரரைக் கையோடு கூட்டிவந்து மேடையில் ஏற்றிப் போர்த்தினார்கள். வாழ்க்கை வரலாறு இல்லாத குறைக்கு, பொயிலரில் அவர் கழற்றிய பாகங்களைப் பற்றிச் சிவனேஸ்வரி இரண்டு வசனம் சொன்னார். கைதட்டல் வழமைபோலத்தான் இருந்தது.

அந்த மண்டபத்தைத்தான் ஒரு கம்பெனி வாங்கிவிட்டது. இடித்துவிட்டு மாடி வீடுகள் கட்டப் போகிறார்களாம். நகரக் கவுன்சில் அனுமதி கொடுத்தால் கோடைக்குள் தரைமட்டம். வேறு இடம் தேடிப் பார்த்தார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் சனிக்கிழமைகளை உதைபந்தாட்டத்துக்குக் கொடுத்துவிட்டன, கோயில் மண்டபத்தில் வருடம் முழுக்கக் கலியாணம். மண்டபம் போனால் பாடசாலை போகும். ஒரு தவணை வராமல் நின்ற பிள்ளை பிறகு வராது என்பது சிவனேஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கம்பெனியின் தலைவர் மேதகு வென்டல் பிரிம். அமெரிக்கர். அங்கே செனற்றராக இருந்தவர். தேர்தலில் தோற்ற பிறகு, மக்கள் வேண்டாம் என்றவரை வீணாக்கக் கூடாது என்று ஒரு சின்ன நாட்டுக்குத் தூதராக அனுப்பினார்கள். அந்த நாடும் போதும் என்று சொன்ன பிறகு லண்டனுக்கு வந்து காணி வாங்கி விற்கிற வியாபாரத்தில் இறங்கினார்.

பேரவைக் குழு கூடியது. தலைவர் பாலேந்திரா, பேரவை தனக்குத்தானே கொடுத்த 'தமிழ்த் தூண்' பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்கிறவர், நடுக் கதிரையில் இருந்தார்.

"அண்ணை, கவுன்சிலுக்கு எதிர்ப்பைத் தெரிவிப்பம். தாய் தகப்பன்மார் எல்லாரும் வந்து கதைப்பினம்," என்றார் சிவனேஸ்வரி.

"எதிர்ப்போ?" பாலேந்திரா முகத்தைச் சுளித்தார். "ரீச்சர், அவர் ஆரெண்டு தெரியுமோ? அம்பாசடர். எதிர்ப்பு, கோஷம் எல்லாம் அவையளுக்குச் சரிவராது. நாங்கள் அவரைக் கூப்பிட்டு ஒரு விழா எடுப்பம். மாலை, பொன்னாடை, பட்டம். எங்கட பொன்னாடையைத் தோளில போட்டுக்கொண்டு ஒரு மனிசன் எங்கட மண்டபத்தை இடிப்பானோ?"

குழுவில் இருந்த எல்லோரும் பொன்னாடை வாங்கியவர்கள். ஒருவரும் இதுவரை எதையும் இடித்ததில்லை. ஆகவே வாதம் சரியாகவே பட்டது. எல்லோரும் தலையாட்டினார்கள். அழைப்பைக் கொடுத்து, வாழ்க்கை வரலாற்றை வாங்கி வருகிற வேலை சிவனேஸ்வரியின் தலையில் விழுந்தது.

மேஃபெயரில் பிரிமின் அலுவலகம் வெளியிலிருந்து பார்க்க வீடு மாதிரி இருந்தது. உள்ளே போனால் தூதரகம் மாதிரி. கொடி, கம்பளம், பெரிய மனிதர்களோடு கைகுலுக்குகிற படங்கள். படங்களில் பெரிய மனிதர்கள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவேற்பறையில் பக்கம் பக்கமாக மூன்று கதவுகள். மரியாதை நடைமுறைகளுக்குப் பொறுப்பான அதிகாரி என்று வந்த பெண்ணைக் கண்டதும் சிவனேஸ்வரிக்கு உயிர் வந்தது. அவள் பெயர் பியற்றிஸ், ஊர் யாழ்ப்பாணம், இருப்பு மோர்டன்.

"அக்கா, நீங்கள் ஆரைப் பாக்க வந்தனீங்கள்?"

"பிரிமைத்தான்."

"அது விளங்குது. எந்தப் பிரிமை? செனற்றரையோ, அம்பாசடரையோ, கம்பெனித் தலைவரையோ?"

"எல்லாம் ஒரு ஆள்தானே, தங்கச்சி?"

பியற்றிஸ் குரலைத் தாழ்த்தினாள். "ஆள் ஒண்டுதான். ஆனா அப்பொயின்ற்மென்ற் வேற வேற. விழா அழைப்பெண்டா அது அம்பாசடர். நடுக் கதவால போங்கோ. மண்டபக் கதையை அங்க எடுத்துப்போடாதேங்கோ, அவர் வியாபாரம் கதைக்க மாட்டார்."

நடுக் கதவால் போனார். பெரிய மேசைக்குப் பின்னால் வெள்ளித் தலையும் ரோசாக் கன்னமுமாக மேதகு பிரிம் இருந்தார். அழைப்பைச் சொன்னதும் எழுந்து நின்று இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொண்டார். சிவனேஸ்வரி பொறுக்க முடியாமல் மண்டபத்தைப் பற்றிக் கேட்டே விட்டார்.

"அம்மணி, நான் ஓர் இராஜதந்திரி," என்றார் பிரிம் ஆங்கிலத்தில், வெகு கனிவாக. "எனக்குக் கருத்து இருக்கக் கூடாது. தூதராக இருந்த காலம் முழுவதும் ஒரு கருத்தும் இல்லாமல் இருந்தேன் என்று எங்கள் அரசே சான்றிதழ் தந்திருக்கிறது. நீங்கள் அந்தக் கம்பெனியின் தலைவரிடம் பேசுங்கள். நியாயமானவர் என்று கேள்வி."

வெளியே வந்தார். பியற்றிஸ் வலக்கைப் பக்கக் கதவைக் காட்டினாள். அதால் போனார். அதே அறை, அதே மேசை, அதே மனிதர். கண்ணாடியை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார். சிவனேஸ்வரியை முன்பின் கண்டவராகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மண்டபத்தைக் காப்பாற்ற எனக்கும் ஆசைதான்," என்றார் கம்பெனித் தலைவர் பிரிம். "ஆனால் நான் வெறும் வியாபாரி. இலாபம் வராத இடத்தில் ஆசை வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. மக்களுடைய குறைகளைக் கேட்பதற்கென்றே அரசியல்வாதிகள் இருக்கிறார்கள். ஒரு நல்ல செனற்றரைப் பிடியுங்கள்."

இடக்கைப் பக்கக் கதவு. இந்த முறை பிரிம் மேலங்கியைக் கழற்றிச் சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருந்தார். சிவனேஸ்வரி வாய் திறக்க முன்னமே அவர் கண் கலங்கிவிட்டது.

"உங்கள் வலி எனக்குப் புரிகிறது, சகோதரி. அந்த மண்டபத்துக்காக நான் போராடுவேன். இது என் வாக்கு. என்னுடைய மாநிலத்திலும் மக்களுக்கு இப்படித்தான் வாக்குக் கொடுத்தேன். இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்."

"யாரோடு போராடுவீர்கள்?" என்று கேட்டார் சிவனேஸ்வரி.

"கம்பெனித் தலைவரோடுதான். ஆனால் அவர் லேசுப்பட்டவர் இல்லை," என்றார் செனற்றர்.

சிவனேஸ்வரி வெளியே வந்து கதிரையில் பொத்தென்று இருந்தார். பியற்றிஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே வாழ்க்கை வரலாற்றையும் கொடுத்தாள்.

"தங்கச்சி, இந்த மனிசனுக்கு ஏதும் சுகமில்லையோ?"

"நல்ல சுகமாத்தான் இருக்கிறார், அக்கா. எங்களுக்குத்தான் தலை சுத்தும். மூண்டு பேருக்கும் தனித்தனியா பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லவேணும். நான் வேலைக்கு வந்த புதுசில ஒருக்காத்தான் சொன்னனான். மற்ற ரெண்டு பேரும் கோவிச்சுப்போட்டினம்."

விழா நாள் வந்தது. மண்டபம் கொள்ளாத சனம். வாசலில் நிறைகுடம், பன்னீர், சந்தனம், கற்கண்டு. சனிக்கிழமை வகுப்புகளை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பட்டு உடுத்தி இரண்டு வரிசையாக நிற்பாட்டியிருந்தார்கள். பாடசாலையைக் காப்பாற்றுகிற விழாவுக்காகப் பாடசாலையை மூடியது சிவனேஸ்வரிக்குப் பிடிக்கவில்லை. சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. மேதகு பிரிம் காரால் இறங்கியதும் நாதஸ்வரம் ஒலித்தது. அவருடன் ஒரு படப்பிடிப்பாளரும் இறங்கினார். பிரிமை விட அந்தப் படப்பிடிப்பாளருக்குத்தான் அன்று வேலை கூட.

"சந்தனத்தை இன்னொருக்கா வையுங்கோ அக்கா, வெளிச்சம் காணாதாம்," என்றாள் பியற்றிஸ். சிவனேஸ்வரி மூன்று முறை பொட்டு வைத்தார். பிரிம் மூன்று முறையும் முதல் முறைபோலவே சிலிர்த்தார்.

விளக்கேற்றினார்கள். சிவனேஸ்வரி வாழ்க்கை வரலாற்றை வாசித்தார். தேர்தல் தோல்வி 'மக்களிடமிருந்து பெற்ற நீண்ட ஓய்வு' என்று இருந்தது. அந்தச் சின்ன நாட்டில் அவர் காலத்தில் அரசு கவிழ்ந்தது 'ஆட்சி மாற்றத்தை அருகிலிருந்து கண்ட அனுபவம்' என்று இருந்தது. சிரிக்காமல் வாசித்து முடித்தார். பாலேந்திரா பொன்னாடையைப் போர்த்தி, 'தமிழ் காத்த தகைமையாளர்' என்ற பட்டத்தையும் கொடுத்தார். இனி இவர் எங்கள் ஆள் என்று ஒலிவாங்கியில் தழுதழுத்தார்.

பிரிம் பேச எழுந்தார். பியற்றிஸ் வசனம் வசனமாகத் தமிழில் சொன்னாள்.

"நான் மக்களுக்குச் சேவை செய்யப் பிறந்தவன். என் மாநில மக்கள் போதும் என்று சொன்னபோதும் நான் நிறுத்தவில்லை. வேறு மக்களைத் தேடிப் போனேன்."

கைதட்டல்.

"தூதராக இருந்தபோது இரண்டு பக்கத்தையும் கேட்பேன். கேட்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. இரண்டு பக்கமும் பேசிக் களைத்துப்போகும் வரை கேட்பேன். களைத்தவர்கள் எதற்கும் சம்மதிப்பார்கள். அதற்குத்தான் சமாதானம் என்று பெயர்."

இன்னும் பெரிய கைதட்டல்.

"வியாபாரத்தில் நான் படித்தது ஒன்றுதான். ஓர் இடத்தை உயிராக நேசிக்கிறவர்களைத் தேடிப் பிடி. அவர்கள் நேசிக்கிற இடம் நல்ல இடமாகத்தான் இருக்கும். உடனே வாங்கு."

பாலேந்திரா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேச்சு முடிந்ததும் படப்பிடிப்பாளர் பியற்றிஸின் காதில் ஏதோ சொன்னார். அவள் ஒலிவாங்கியை வாங்கினாள். "இந்த இடத்துக்கு நல்ல எதிர்காலம் வேணும் எண்டு நினைக்கிறவை எல்லாரும் ஒருக்காக் கையைத் தூக்குங்கோ." நல்ல எதிர்காலம் யாருக்குத்தான் வேண்டாம்? மண்டபம் முழுக்கக் கை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு கையையும் தூக்கினார்கள். மின்னல் மின்னலாகப் படம் எடுத்தார்கள். பிறகு எல்லோரும் ரோல்ஸும் பற்றிஸும் சாப்பிட்டு, மண்டபம் தப்பிவிட்டது என்று சந்தோசமாக வீட்டுக்குப் போனார்கள்.

மண்டபம் தப்பவில்லை. சில கிழமை கழித்து ரெய்னர்ஸ் லேன் வீடுகளின் கதவு இடுக்கெல்லாம் வழவழப்பான ஒரு பிரசுரம் வந்து விழுந்தது. மாடி வீடுகளின் படம். அதற்கு மேலே மண்டபம் நிறையத் தூக்கிய கைகள். 'புதிய குடியிருப்பைத் தமிழ்ச் சமூகம் ஒருமனதாக வரவேற்கிறது' என்று தலைப்பு. அட்டையில் மேதகு பிரிம் மண்டப வாசலில் குனிந்து நிற்க, பயபக்தியோடு பொட்டு வைத்துக்கொண்டு நிற்பது சாட்சாத் சிவனேஸ்வரி. பாவிப் படப்பிடிப்பாளன் மூன்று முறை வைப்பித்ததில் எடுப்பான படத்தைத்தான் போட்டிருந்தான்.

அவருக்கு ஆத்திரம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். பிரசுரத்தைத் தூக்கிக்கொண்டு பாலேந்திரா வீட்டுக்கு ஓடினார்.

"பாத்தனான், பாத்தனான்," என்றார் பாலேந்திரா. "படம் நல்லாத்தான் வந்திருக்கு. என்ர முகம்தான் பாதி வெட்டுப்பட்டுப் போச்சு."

"அண்ணை, இதைக் காட்டித்தான் கவுன்சிலிட்ட அனுமதி கேக்கப் போயினம். சமூகம் சம்மதிச்சிட்டுது எண்டு சொல்லப் போயினம். நீங்கள் தலைவர், வந்து இல்லை எண்டு சொல்லுங்கோ."

பாலேந்திரா சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் புதிதாக ஒன்று தொங்கியது. பிரிமின் கம்பெனி அவரைத் தன்னுடைய 'சமூக நல்லெண்ணத் தூதர்' ஆக்கியிருந்தது.

"நான் இப்ப ஒரு அம்பாசடர், ரீச்சர். கருத்துச் சொல்லேலாது."

"பிள்ளையள் எங்க போறது, அண்ணை?"

"அதைக் கம்பெனித் தலைவரிட்டத்தான் கேக்கவேணும்," என்றார் தூதர் பாலேந்திரா.

கவுன்சில் கூட்டத்தில் பேச யாரும் முன்வரவில்லை. கையைத் தூக்கியவர்கள் எந்த முகத்தோடு போய் எதிர்ப்பது? கடைசியில் சிவனேஸ்வரி தன் பெயரைக் கொடுத்தார். என்ன பேசுவது என்று வைத்தியசாலை மேசையில் இருந்தபடி நாள் முழுக்க யோசித்தார். விழா எடுத்தது உண்மை. பொட்டு வைத்தது உண்மை. போர்த்தியதும் உண்மை. பொய் என்று சொல்ல ஒன்றுமில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு உண்மைதான், அதை வெளியில் சொன்னால் நாளைக்குத் தமிழ்ச் சனத்தின் முகத்தில் முழிக்க முடியாது. வீட்டுக்குப் போகிற வழியில் கெவினுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தார்.

கூட்டத்துக்கு மேதகு பிரிம் நேரில் வந்திருந்தார், அதுவும் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு. முன்வரிசையில் பாலேந்திரா. திரையில் அந்தப் பொட்டுப் படம். பியற்றிஸ் எழுந்து, தமிழருடைய மரபில் பொன்னாடைதான் அதியுயர்ந்த கௌரவம் என்றும், ஒரு சமூகம் தன் முழு நம்பிக்கையையும் ஒருவர் மேல் வைக்கும்போது மட்டுமே அது போர்த்தப்படும் என்றும் ஆங்கிலத்தில் படித்தாள். படித்துக்கொண்டிருக்கும்போது சிவனேஸ்வரி பக்கம் மட்டும் பார்க்கவில்லை. கூட்டத்துக்குத் தலைமை வகித்த கவுன்சிலர் அம்மையார், பிரிம் ஏதும் சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார்.

"வந்து தங்கிய நாட்டின் உள்விவகாரத்தில் நான் தலையிடுவதில்லை," என்றார் பிரிம்.

சிவனேஸ்வரியைக் கூப்பிட்டார்கள்.

"படத்தில் இருப்பது நீங்கள்தானே?" என்று கேட்டார் அம்மையார்.

"ஆம். நான்தான்." பாலேந்திரா தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. வகுப்பை நினைத்துக்கொண்டார். "அம்மா, எங்கள் பொன்னாடைக்கு ஒரு அர்த்தமும் இல்லை."

கூட்டத்தில் இருந்த தமிழர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கதிரையில் அசைந்தார்கள்.

"நாங்கள் எல்லோருக்கும் போர்த்துவோம். வந்தவருக்குப் போர்த்துவோம். வராதவருடைய பொன்னாடையை வேறு யாருக்காவது போர்த்துவோம். எங்களுக்கு நாங்களே போர்த்துவோம். ஒருமுறை எங்கள் கார்களுக்குப் பார்க்கிங் அபராத ரிக்கற் எழுத வந்தவருக்கும் போர்த்தினோம், மனம் இளகும் என்று. அவர் பொன்னாடையையும் வாங்கிக்கொண்டு, ரிக்கற்றையும் எழுதி வைத்துவிட்டுப் போனார்." சொல்லச் சொல்ல அவருக்கு அழுகை வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "போன வருடம் உங்களுக்கும் போர்த்தினோம், அம்மா. நீங்கள் எங்களுக்கு என்ன செய்தீர்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த வாழ்க்கை வரலாற்றை வாசித்தவள் நான்தான்."

அம்மையார் கழுத்து வரை சிவந்தார். மற்றக் கவுன்சிலர்கள் கீழே குனிந்து எதையோ தேடினார்கள்.

"இதற்கு ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்டார் ஒருவர்.

பின்வரிசையில் கெவின் எழுந்தார். வேலை உடுப்புக்கு மேல் பொன்னாடை போர்த்தியிருந்தார். அதே நிறம், அதே கரை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், பிறகு பிரிமைப் பார்த்தார்கள், பிறகு மறுபடியும் கெவினைப் பார்த்தார்கள்.

"எனக்குப் பொயிலருக்காகத் தந்தார்கள்," என்றார் கெவின். "நல்ல மனிதர்கள். கிறிஸ்மஸுக்கு இதைத்தான் போடுவேன். ஆனால் அவர்களுடைய மண்டபத்தை நான் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று இதற்கு அர்த்தம் என்று நான் நினைக்கவில்லை."

பிரிம் மெல்லத் தோளிலிருந்து பொன்னாடையை எடுத்து மடியில் வைத்தார். சமூகத்தின் சம்மதம் இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிக் கவுன்சில் அனுமதியை மறுத்தது.

வெளியே வந்ததும் பாலேந்திரா பிடித்துக்கொண்டார். "மண்டபம் நிண்டுட்டுது, ரீச்சர். ஆனா மானம் போட்டுது. வெள்ளைக்காரனுக்கு முன்னால எங்கட பொன்னாடையைச் சீலைத்துண்டு எண்டு சொல்லிப்போட்டீங்கள். எங்கட தமிழ்த் தூண் பட்டத்தையும் இனி ஆர் மதிக்கப் போயினம்?"

"ஓம் அண்ணை. சொல்லத்தான் வேண்டி வந்தது," என்றார் சிவனேஸ்வரி. அவருக்கு மனம் நொந்துதான் இருந்தது. ஆனால் அடுத்த சனிக்கிழமை மண்டபக் கதவைத் திறந்தபோது, ஒரு பிள்ளை ஓடி வந்து, "ரீச்சர், இவள் என்னை நுள்ளிப்போட்டாள்" என்று முறைப்பாடு செய்தது. சிவனேஸ்வரி அந்த வழக்கை ஆற அமர விசாரித்தார்.

இடிக்க முடியாத மண்டபத்தைப் பிரிமின் கம்பெனி முன்போலவே பாடசாலைக்கு வாடகைக்கு விட்டது. தை பிறந்ததும் பேரவைக் குழு கூடியது. மண்டபம் தப்பியதற்கு வெற்றி விழா எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. விழா என்றால் பிரதம விருந்தினர் வேண்டுமே. யாரைக் கூப்பிடுவது?

"இதில யோசிக்க என்ன இருக்கு?" என்றார் பாலேந்திரா. "மண்டபம் ஆற்ற சொத்து? பிரிமின்ர. அவர் நினைச்சிருந்தா மேல்முறையீடு செய்திருக்கலாம். செய்யேல்லை. அது பெருந்தன்மை. நீங்களே வாசியுங்கோ ரீச்சர், உங்கட குரல்தான் எடுப்பு."

"நான் ஏலாது எண்டா?"

"பிறகு எங்கட குழுவில இருக்கிற தர்மேந்திரன்தான் வாசிக்கவேணும். அவர் இடையில சிரிப்பார்."

சிரிப்பு வந்தால் கம்பெனித் தலைவர் கோவிப்பார். கோவித்தால் வாடகைக்கு விடமாட்டார். சிவனேஸ்வரி ஒப்புக்கொண்டார்.

விழாவன்று பொயிலர் மறுபடியும் நின்றுவிட்டது. சனம் கோட்டோடு இருந்தது. மேதகு பிரிம் நிறைகுடத்துக்கு முன்னால் சிலிர்த்தார், இந்த முறை குளிரில். சிவனேஸ்வரி மேடையேறி, பியற்றிஸ் புதிதாகக் கொண்டுவந்த வாழ்க்கை வரலாற்றை வாசித்தார். செனற்றர், தூதர், தொழிலதிபர் எல்லாம் முன்போலத்தான். கடைசியில் ஒரு வசனம் புதிதாகச் சேர்ந்திருந்தது: 'லண்டன் மாநகரில் அழிவின் விளிம்பில் நின்ற தமிழ்ப் பாடசாலையைக் காப்பாற்றியவர்.'

அந்த இடத்தில் சிவனேஸ்வரி வாசிப்பை நிறுத்தினார். "இந்தக் கடைசி வசனத்தை அவரே சொன்னால் நல்லது," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஒலிவாங்கியைப் பிரிமிடம் நீட்டினார். கூசுவார் என்று நினைத்தார். பிரிம் எழுந்து, கண்ணாடியைப் போட்டு, அந்த வசனத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். வாசித்து முடிக்கும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பாலேந்திரா பொன்னாடையை விரித்தார்.

சிவனேஸ்வரி பின்பக்கம் போய்விட்டார். பொயிலருக்கு முன்னால் கெவின் முழங்காலில் இருந்தார்.

"என்ன சத்தம்?" என்று கேட்டார்.

"மேடையில் பொன்னாடை போர்த்துகிறார்கள்."

கெவின் எட்டிப் பார்த்தார். "அன்றைக்குக் கவுன்சிலில் என்னுடையது போலவே ஒன்று போட்டிருந்தவர்தானே அவர்? இப்போது எதற்காக?"

"மண்டபத்தை இடிக்காமல் விட்டதற்கு."

கெவின் திருகிக்கொண்டிருந்ததை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தார்.

"நானும்தான் இடிக்கவில்லை," என்றார்.

சிவனேஸ்வரி பொன்னாடை அலுமாரியைத் திறந்தார்.